பூட்டக்காவும் குரைப்பானும்

எஃகு அடிக்கோல் ஒரு வரியின் கீழ் நின்றது. பென்சில் முனை அந்த வரியின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தது. அடிக்கோல் ஒரு வரி கீழே இறங்கியது. மறுபடியும் புள்ளி. இடது கை விரல்கள் தாளை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தன. வலது கை அவசரமே படவில்லை. அறுபத்திரண்டு வரிகளுக்கு அறுபத்திரண்டு புள்ளிகள் விழுந்திருந்தன. அறுபத்து மூன்றாவது வரியில் தூக்கிய பென்சில் தூக்கியபடியே நின்றது.

எல்லோரும் திரையைப் பார்த்து வேலை செய்யும் அந்த அறையில், தாளில் அச்செடுத்துப் படிக்கிற ஒரே ஆள் அவள். மென்பொருள் ஒவ்வொரு முறை வெளியே போகும் முன்பும் அதன் செட்டிங் கோப்பை முழுவதுமாக அச்செடுப்பாள். எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று அடிக்கோல் வைத்துப் பார்ப்பாள். அதனால் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. சம்பளப் பிரிவில் இருப்பவர்களுக்குக்கூட அவளுடைய நிஜப் பெயரை யோசித்துத்தான் சொல்ல வரும்.

அவள் எந்தக் கல்லூரியிலும் கணினி படிக்கவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில் ஏழு வருடம் முடிவுகளைத் தட்டச்சு செய்தாள். அங்கே இருந்த மென்பொருள் நாளுக்கு மூன்று முறை விழுந்து படுக்கும். அதை எழுப்ப வருகிற ஆள், சரியாக்கி முடித்ததும் கையேட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அதைப் படித்தாள். புரியாத இடத்தை மறுபடி படித்தாள். அடுத்த முறை அவன் வந்தபோது மென்பொருள் விழவே இல்லை, அவனுக்கு வேலையில்லை. அங்கே தொடங்கி இந்த நிறுவனத்துக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நோயாளிகள் தங்கள் பரிசோதனை முடிவுகளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வலைத்தளங்களைச் செய்து கொடுக்கிற நிறுவனம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அலுவலகத்தில் அவள் மதித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் வாரத்துக்கு இருமுறை தண்ணீர் கேன் போட வருபவர். சொன்ன நேரத்துக்கு வருவார், சொன்ன இடத்தில் வைப்பார்.

மற்றவர்களைப் பற்றி அவளுக்கிருந்த அபிப்பிராயத்துக்கு அறுபத்து மூன்றாவது வரி புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை. ஆனாலும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தாள். வரி மாறவில்லை. முத்திரைச் சோதனை: இல்லை.

நோயாளி ஒரு படிவத்தைத் திறந்தால், இவர்கள் தளங்களைக் கட்ட அடித்தளமாக வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு அந்தப் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையை வைத்து அனுப்பும். படிவம் திரும்பி வரும்போது அந்த முத்திரை இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நோயாளி வேறெங்கோ ஒரு திருட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போது, அந்தப் பக்கம் அவர் பெயரிலேயே இங்கே ஒரு படிவத்தை அனுப்பி, முடிவுகள் போகவேண்டிய கைபேசி எண்ணை மாற்றிவிடாமல் தடுப்பது இந்த முத்திரைதான். யாரும் தனியாகச் செய்யவேண்டிய வேலை இல்லை. ஃப்ரேம்வொர்க்கோடு கூடவே பிறந்தது. சும்மா விட்டால் போதும், அது பாட்டுக்கு வேலை செய்யும். சும்மா விடுவதுதான் இந்த அலுவலகத்தில் யாருக்கும் கைவராத கலை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இந்த மென்பொருளின் புதிய பதிப்பை, பல வருடமாக அதைப் பயன்படுத்தும் மருத்துவமனையிடம் ஒப்படைக்கவேண்டும். சனிக்கிழமை காலை நாற்பதாயிரம் நோயாளிகளுக்கு அது திறக்கும். ஒப்படைப்புத் தாளின் கடைசி வரியில், பாதுகாப்பு சரிபார்க்கப்பட்டது என்பதற்கு நேராக, கையெழுத்துப் போடவேண்டியவள் அவள். அன்று புதன்கிழமை.

யாருடைய கைவரிசை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிடம் ஆனது. மாற்றியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் பதிவாகியிருந்தன. எழுந்து இரண்டு மேசை தள்ளிப் போனாள். அங்கே இருந்தவரை எல்லோரும் சரிசார் என்று அழைப்பார்கள். மேலே இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே அந்த இரண்டு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்துவிடும்.

"முத்திரையை யாரு அணைச்சது?"

"அதுவாக்கா... குரைப்பான் உள்ள போகமாட்டேன்னுச்சு."

குரைப்பான் என்பது அவள் வைத்த பெயர். மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய பாதுகாப்புக் கருவி அது. வெளியிலிருந்து ஒரு திருடனைப் போல ஒவ்வொரு படிவமாகத் தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்லும். அதை விற்க வந்தவர் பளபளவென்று டை கட்டியிருந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார். இதை மாட்டிவிட்டால் இனிமேல் யாரும் எதையும் கவனிக்கவேண்டியதில்லை என்று முடித்தார். பூட்டக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க ஃப்ரேம்வொர்க்ல ஏற்கெனவே என்னென்ன காவல் இருக்குன்னு பார்த்துட்டு வந்தீங்களா?"

"எந்த ஃப்ரேம்வொர்க்கா இருந்தாலும் எங்க டூல் வேலை செய்யும் மேடம்."

"எந்த நோயா இருந்தாலும் கேக்கும்னு பஸ் ஸ்டாண்டுல ஒரு தைலம் விக்கிறாங்க. அவரும் டை கட்டினா நல்லா இருக்கும்."

அறையே சிரித்தது. ஆனாலும் வாங்கினார்கள். வாங்கச் சொன்னவர் மேலாளர். அவருக்குச் சதவீதம் என்று பெயர். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வார். அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தவர்களிடம், எழுபது என்றாராம்.

இப்போது சரிசார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னதைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. குரைப்பான் முதல் முறை ஓடியபோது, அது முத்திரை இல்லாமல் வந்ததால் பாதிக்கு மேற்பட்ட படிவங்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. அதாவது காவல் ஒழுங்காக வேலை செய்தது. குரைப்பானின் அறிக்கையோ, நாற்பத்தொன்று சதவீதம்தான் பார்க்க முடிந்தது என்றது. சதவீதம் அதைப் பார்த்துவிட்டு நூறு வேண்டும் என்றார். இவர் சரி சார் என்றார். காவலை அணைத்தார். குரைப்பான் வீடு முழுக்கச் சுற்றி வந்தது. நூறு.

"சரி, சுத்தி வந்துச்சு. முத்திரை இல்லாததை அது சொல்லலையா? அதுக்குத்தானே அது இருக்கு?"

"சொல்லுச்சுக்கா. மொத்தம் நானூத்திப் பன்னெண்டு எச்சரிக்கை. அதுல எரநூத்தி முப்பத்தொண்ணு அதுதான்."

"அதை என்ன பண்ணீங்க?"

சரிசார் திரையைப் பார்த்தார். "தவறான எச்சரிக்கைன்னு மொத்தமா டிக் போட்டுட்டேன்."

"ஏன்?"

"நம்ம ஃப்ரேம்வொர்க்லதான் அந்தக் காவல் கூடவே வருதேக்கா. நீங்கதானே சொல்லுவீங்க."

அவள் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். கருவிக்காகக் காவலை அணைத்தது. காவல் இருக்கிறது என்று சொல்லிக் கருவியின் வாயை அடைத்தது. இரண்டையும் ஒரே ஆள், ஒரே நாற்காலியில், ஒரே மத்தியானத்தில் செய்திருக்கிறார். இவ்வளவு கச்சிதமான முட்டாள்தனத்தைத் திட்டமிட்டுச் செய்யச் சொன்னால் யாராலும் முடியாது.

"உங்க வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு, திருடன் வந்தான்னு பக்கத்து வீட்டுக்காரர் கத்தினா, எங்க வீட்டுக்குத்தான் கதவு இருக்கேன்னு சொல்வீங்களா?"

"அக்கா, சத்தமா பேசாதீங்க. சார் கேபின்ல இருக்காரு."

"கேக்கட்டுமே" என்றபடி அவள் நேராக அந்த கேபினுக்குள் போனாள்.

சதவீதம் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்கும்போது தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

"மறுபடி ஆன் பண்ணினா அறிக்கை எவ்வளவு காட்டும்?"

"நாப்பத்தொண்ணு."

"ஆஸ்பத்திரிக்கு நூறுன்னு காட்டியாச்சே. போன வாரமே சார்ட் அனுப்பிட்டேன். பச்சை கலர்ல."

"கலரு அவங்க நோயாளிகளைக் காப்பாத்துமா சார்?"

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். இப்போதைக்கு இப்படியே போகட்டும். அடுத்த மாசம் அமைதியா ஆன் பண்ணிக்கலாம்."

"அப்போ என் கையெழுத்தும் அடுத்த மாசம் அமைதியா வரும்."

அவர் முகம் மாறியது. மருத்துவமனையின் ஒப்பந்தத்தில் கருவியின் சான்றிதழ் போதாது, பார்த்த மனிதரின் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தது. யாரோ பழைய காலத்து ஆள் எழுதியது. அதைத் திருத்த வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

"பாருங்கம்மா, வெளிப்படையாவே சொல்றேன். இந்தத் தாள், அடிக்கோல் எல்லாம் பார்க்க நல்லா இருக்கு. ஆனா அடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்து வரியே இருக்காது. டூல் பார்க்கும். உங்களுக்கு ஃபோன் எடுத்துப் பேசுற பிரிவுல ஒரு சீட் இருக்கு. இப்ப ஒத்துழைச்சா அதை நான் மறந்துடுவேன்."

"நீங்க மறக்கிறதுல கில்லாடி சார். எனக்கு அது தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். காதில் மாட்டுகிற கருவியோடு நாளெல்லாம் "உங்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் தன்னை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

அவள் கணவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அன்று சாயங்காலம் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை, சட்டைத் துணியால் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்குக் கோபம் அந்தாள் மேலயா, அந்த டூல் மேலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? காவல் அணைஞ்சிருக்குன்னு டூலு எரநூறு தடவை கத்திருக்கு. நீங்கள்லாம்தான் காதைப் பொத்திக்கிட்டீங்க."

"நீங்களும் டை வாங்கிக் கட்டிக்கிங்க."

"கேள்விக்குப் பதில் இல்லன்னா உடனே டை வந்துரும். மிச்ச எச்சரிக்கைல என்ன இருக்குன்னு நீ படிச்சியா?"

"அதுல என்ன இருக்கப் போகுது? குப்பை."

"படிக்காமலே தெரியுமா? அப்போ நீயும் சதவீதமும் ஒரே இனம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அறுபத்து மூன்றாவது வரியைத் திருத்திக் காவலை இயக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு குரைப்பானின் கையேட்டைத் திறந்தாள். மூன்று மாதமாக அந்த அலுவலகத்தில் ஒருவரும் அதைத் திறந்ததில்லை. பதினெட்டாம் பக்கத்தில், முத்திரை கேட்கும் படிவங்களுக்குள் எப்படி முத்திரையோடு போவது என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி இருந்தது. நாலு வரி. டை கட்டியவருக்கே தெரிந்திருக்காது. அந்த நாலு வரியை எழுதி ஓட்டினாள். காவல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே குரைப்பான் எழுபத்து நாலு படிவங்களில் அறுபத்தொன்பதுக்குள் போய் வந்தது. மிச்சம் ஐந்தும் கைபேசிக்கு ரகசிய எண் அனுப்புபவை. அவற்றைக் கையால்தான் பார்க்கவேண்டும். தொண்ணூற்று மூன்று சதவீதம். இதற்காகவா கதவைக் கழற்றினார்கள்?

முத்திரை எச்சரிக்கை இருநூற்று முப்பத்தொன்றும் போய், நூற்று எண்பத்தொன்று மிஞ்சியது. அச்செடுத்தாள். குப்பை என்று எழுதி முடித்துவிட்டுக் கணவர் முகத்தில் அந்தத் தாளை வீசவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் அடிக்கோலை எடுத்தாள். குப்பைதான். படக் கோப்பின் பெயர் நீளமாக இருக்கிறது. பக்கத்தின் அடியில் பதிப்பு எண் தெரிகிறது. ஒரு பொத்தானின் நிறம் பற்றிக்கூட ஏதோ முனகியிருந்தது. நூறு தாண்டியது. நூற்று ஐம்பது தாண்டியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நூற்று ஐம்பத்தாறில் அடிக்கோல் நின்றது.

முடிவுகள் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் எழுதப்படுவது அப்படியே காட்டப்படுகிறது, சுத்தம் செய்யப்படவில்லை என்றது எச்சரிக்கை. ஃப்ரேம்வொர்க் எந்த எழுத்தையும் காட்டும் முன் அதில் ஒளிந்திருக்கும் நிரல் விஷத்தை எடுத்துவிட்டுத்தான் காட்டும். அதுவும் கூடவே பிறந்த காவல்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் யாரோ அதை வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். யார் அந்த மேதாவி என்று பதிவைத் திறந்தாள்.

அவள் பெயர் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

அவளுக்கு நினைவு வந்தது. அளவு மீறிய எண்கள் தடித்த எழுத்தில் தெரியவேண்டும் என்று ஒரு மருத்துவர் பிடிவாதம் பிடித்தார். எழுத்தைத் தடிக்கவைக்கும் குறியையும் விஷம் என்று நினைத்துக் காவல் எடுத்துவிடும். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் மருத்துவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள். அவர்கள் எழுதுவதை நம்பலாம் என்று அப்படியே காட்டச் சொல்லி ஒரு சொல்லைச் சேர்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் அதே கட்டத்தில் நோயாளிகளும் எழுதலாம் என்று வந்தது. அவளுடைய சொல் அங்கேயே இருந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் அங்கே நாலு வரி நிரலை எழுதிவைத்தால், அதைத் திறக்கும் மருத்துவரின் திரையில் அது ஓடி, அவர் பார்க்கும் முடிவுகளையெல்லாம் திருடிக்கொண்டு போகும். அவள் அடிக்கோல் வைத்துப் படிக்கும் செட்டிங் கோப்பில் இது வராது. இன்னும் முப்பது வருடம் படித்தாலும் வராது. அவள் குப்பை என்று சொன்ன கருவிதான் தட்டிப் பார்த்துச் சொன்னது.

பன்னிரண்டு வருடமாக அடுத்தவர்களுக்காகச் சேர்த்து வைத்திருந்த இளக்காரம் முழுவதையும் அவள் இப்போது தன் பக்கம் திருப்பினாள். அதில் கொஞ்சமும் சலுகை காட்டவில்லை. பூட்டக்காவாம். ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் அடிக்கோலோடு உட்கார்ந்திருந்த மகராசி.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றார் சரிசார்.

"ஒண்ணுமில்ல. உங்களைவிடப் பெரிய முட்டாள் ஒருத்தி கிடைச்சிருக்கா. வாங்க, இவ பண்ணினதைச் சரி பண்ணுவோம்."

சரிசார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், சிரிக்கலாமா என்று யோசித்தார். நல்லவேளையாகச் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, தடித்த எழுத்துக்கு வேறு வழி செய்தார்கள். வேண்டுமென்றே விஷத்தை எழுதிப் பார்த்தார்கள். வெறும் எழுத்தாகத்தான் தெரிந்தது. ஐந்து படிவங்களையும் கையால் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவள் ஒப்படைப்புத் தாளை எழுதினாள்.

சதவீதம் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பார்த்தீங்களா? ஒன்பது வருஷ ஓட்டை. உங்க ஓட்டை. டூல்தானே கண்டுபிடிச்சது?"

"ஆமா சார். அதை எழுதியிருக்கேனே."

"எதுக்கு எழுதணும்? நான் சொல்றதைக் கேளுங்க. காவலை ஆன் பண்ணிட்டீங்க, சந்தோஷம், நானும் ஒண்ணும் சொல்லல. அப்படியே இருக்கட்டும். அதை அணைச்சு வச்சிருந்தோம்கிற விஷயத்தை எடுத்துருங்க. உங்க தப்பையும் எடுத்துருங்க. தொண்ணூத்தி மூணை நூறுன்னு போட்டுருங்க. உங்க மானமும் போகல, என் சார்ட்டும் போகல. ஃபோன் சீட்டும் மறந்து போச்சு."

நியாயமான பேரம்தான். வாசல் பூட்டியாயிற்று, ஜன்னலும் சாத்தியாயிற்று. நாற்பதாயிரம் பேருக்கும் இனி இதனால் ஒன்றும் வராது. காகிதத்தில் நாலு வரி குறைந்தால் யார் அழப்போகிறார்கள்? அவள் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் பென்சிலைக்கூட எடுத்தாள். அடுத்த வருடம் இன்னொரு சரிசார் வந்து, நூறு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அதை எட்டுவதற்காக மறுபடியும் அந்த வரியை அணைப்பார். அப்போது அதைப் படிக்க அடிக்கோலோடு யாரும் இருக்கமாட்டார்கள். தாளில் எழுதியிருந்தால்தான் உண்டு.

"ஃபோன் பிரிவுல ஹெட்செட் நல்லதா வாங்கி வைங்க சார். எனக்குக் காது வலிக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நாலு மணிக்கு மருத்துவமனையின் பதிவு அலுவலர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டீ வேண்டாம் என்றார். சதவீதம் தொடங்கிய முன்னுரையைக் கையால் நிறுத்திவிட்டுத் தாளை முதலிலிருந்து படித்தார்.

"நூறுன்னு ஒரு படம் அனுப்பியிருந்தீங்க. இதுல தொண்ணூத்தி மூணுன்னு இருக்கே?"

சதவீதம் அவளைப் பார்த்தார்.

"நூறு, காவலை அணைச்சு வச்சுட்டு எடுத்ததுங்க. இது காவலோட எடுத்தது. மிச்சம் அஞ்சு படிவம் கையால பார்த்தது, பட்டியல் கீழ இருக்கு."

"யாரு அணைச்சது?"

"நாங்கதான். ஏன் அணைச்சோம், எப்போ போட்டோம், எல்லாம் ரெண்டாவது பத்தியில இருக்கு. அந்த வரியை இனிமே எந்தக் கருவிக்காகவும் அணைக்கக்கூடாதுன்னும் எழுதியிருக்கு."

அலுவலர் இரண்டாவது பத்தியைப் படித்தார். அப்புறம் மூன்றாவதை.

"இங்க 'என் தவறு'ன்னு ஒண்ணு இருக்கு. இந்த 'என்' யாரு?"

"நான்தாங்க."

"இதை நான் மேல அனுப்பினா, இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க. தெரியுமா?"

"தெரியும்ங்க. கேட்டா என் நம்பரைக் குடுங்க. எப்படியும் இனிமே நாள் முழுக்க ஃபோன்லதான் இருப்பேன்."

அலுவலர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை, இந்த முறை மெதுவாக, கடைசியிலிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தார். பிறகு தாளை மேசைமேல் திருப்பி வைத்துக் கடைசி வரியைக் காட்டினார். பூட்டக்கா கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். சர்வரின் கடவுச்சொற்கள் இருந்த ஒட்டிய உறையை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.